பலகையில் ஏறிய சொல்

ஆல்மா ரிட்டரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இவன் ஏன் இப்படிப் புழுங்குகிறான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கல்யாணப் பக்கத்தில் உட்கார்ந்து மணப்பெண் கவுனின் லேஸ் வேலைப்பாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள். கொரியாச் சண்டைக்கு எங்கள் ஆள் ஒருவன் போய்விட்டான் என்று அவளை எங்கள் அறைக்கு மாற்றினார்கள். வந்த வாரத்திலேயே என் பிழைப்பில் கை வைத்துவிட்டாள்.

என் பிழைப்பு வினைச்சொல். எங்கள் டொலீடோ நகரத்தில் மாலைப் பத்திரிகைக்காரனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. வெளியே அலைகிற நிருபன் ஒரு வரி எழுத மாட்டான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்தோ மருந்துக்கடையிலிருந்தோ போன் போட்டு, நடந்ததை அள்ளிக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அதைக் காதில் வாங்கி, கையோடு செய்தியாக டைப்ரைட்டரில் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் படிக்கிறவன் பார்த்தாக வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே வழி வினைச்சொல்தான். நகரசபையில் ஒரு ஆள் மேயரைப் பற்றிக் குறை சொன்னார் என்று எழுதிப் பாருங்கள், மக்ரோரி அந்தத் தாளைக் கசக்கி உங்கள் தலைமேலேயே எறிவார். சாடினார், விளாசினார், வெளுத்து வாங்கினார், கிழித்தெறிந்தார் என்றுதான் எழுத வேண்டும். இவையெல்லாம் எனக்குச் சட்டைப்பைச் சில்லறை மாதிரி, கை விட்டால் வரும்.

மக்ரோரிதான் எங்கள் செய்தி ஆசிரியர். வயிற்றுப்புண்காரர். மேசைமேல் பால் பாட்டிலும் உப்பு பிஸ்கட்டும் எப்போதும் இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு கார்க் பலகையை அடித்து வைத்திருக்கிறார். தினமும் கீழே அச்சுக்கூடத்திலிருந்து முதல் பதிப்பு மேலே வந்ததும் கத்திரிக்கோலோடு அதைப் பிரிப்பார். அன்றைக்குப் பத்திரிகையிலேயே சிறந்த வினைச்சொல் எதுவோ, அதை மட்டும் வெட்டியெடுத்துப் பலகையில் குத்தி, பக்கத்தில் எழுதியவன் பெயரை நீலப் பென்சிலால் எழுதுவார். செய்திக்கு மேலே எங்கள் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லை. நான் எழுதியதை என் அம்மாவிடம் காட்டினால்கூட நம்ப மாட்டாள். எங்கள் பெயர் ஏறுகிற இடம் உலகத்திலேயே அந்தப் பலகை ஒன்றுதான். ஃபெலிக்ஸ் டுடா என்கிற பெயர் அங்கே மாதக்கணக்கில் கொடி கட்டிப் பறந்தது. ஆல்மா வரும்வரை.

ஒரு நாள் ராத்திரி முழுக்கப் புயல் அடித்து ஏரிக்கரைப் படகுத்துறை போய்விட்டது. காலையில் போன் வந்தது. ஏரி படகுத்துறையைத் தாக்கித் தகர்த்தது என்று நான் ஒரு பத்தி எழுதினேன். கரையோர வீடுகளைப் பற்றிய செய்தி அவள் கைக்குப் போனது. அதில் அவள் எழுதியிருந்தாள், ஏரி படகுத்துறையை விடியவிடிய மென்றது என்று.

மக்ரோரி வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"மென்றதாம்யா," என்றார் அறைக்கே கேட்கிற மாதிரி. "டுடா, கேட்டியா? நீ ஒரே அடியில போட்டு உடைச்சுட்டே. இந்தப் பொண்ணு உக்கார வெச்சுச் சாப்பிட விட்டிருக்கு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் பஸ் பிடித்து அந்தப் படகுத்துறைக்குப் போனேன். கல்யாணப் பக்கத்துக்காரி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கண்டபடி கதை கட்டுகிறாள், கையும் களவுமாகப் பிடித்து மக்ரோரி முன்னால் நிறுத்த வேண்டும் என்று. போய்ப் பார்த்தால் மரத்தூண்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் சுற்றிலும் கடிபட்டு நின்றன, சோளக்கதிரைத் தின்றுவிட்டுப் போட்ட மாதிரி. ஒரே அடியில் எதுவும் உடையவில்லை. அந்தக் குளிரில் நின்று அவளை மனதாரத் திட்டினேன்.

இந்தச் சொல்லையெல்லாம் அவள் எப்படிப் பிடிக்கிறாள் என்று பிறகு கவனித்தேன். போனில் நிருபன் சொல்லி முடித்ததும் நான் வைத்துவிடுவேன். என்னிடம்தான் சில்லறை இருக்கிறதே. அவள் வைக்க மாட்டாள். "கையில என்ன வெச்சிருந்தார்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? நாய் குலைச்சுச்சா, முனகிச்சா?" என்று ஒன்றுக்கும் உதவாத கேள்வியாகக் கேட்பாள். எங்கள் போலீஸ் நிருபன் வில்பர் ஒரு தடவை என்னிடமே புலம்பினான்.

"அந்த அம்மா போனை எடுத்தா நான் செத்தேன், டுடா. திருடன் எந்தக் காலை முதல்ல ஜன்னல்ல வெச்சான்னு கேக்குது. நான் என்ன, திருடன் கூடவா போனேன்?"

"கல்யாணப் பக்கத்து வழக்கம்ப்பா. மாப்பிள்ளை எந்தக் காலை எடுத்து வெச்சார்னு கேட்டே பழகிப்போச்சு," என்றேன். அந்தக் கிண்டல் அறை முழுக்கப் பரவியது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் ஹாங்க் போலண்டர் வேலை மாறிச் சிகாகோவுக்குப் போய்விட்டான். எங்கள் வரிசையில் முதல் நாற்காலி அவனுடையது. ஜன்னலோரம் இருக்கும். பெரிய செய்தி எது வந்தாலும் முதலில் அந்த நாற்காலியின் போன்தான் அடிக்கும். அதில் உட்காருகிறவன்தான் எங்கள் கூட்டத்துக்குத் தலை. ஹாங்குக்கு அடுத்து நான் என்பது எனக்குத் தெரியும், அறைக்குத் தெரியும், மாடிப்படி துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். மக்ரோரி மட்டும் பாலைக் குடித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை சொல்றேன். பலகையைப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

பலகையில் அந்த வாரம் முழுக்க ரிட்டர், ரிட்டர், ரிட்டர். என் கண்ணுக்கு அந்த நீலப் பென்சில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வீட்டில் சூப்பைக் குடிக்கும்போதுகூட அதுதான் தெரிந்தது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அவளுக்குக் கிடைக்கக் கூடாது. இதில் எது பெரிய ஆசை என்று கேட்டால் என்னால் சொல்ல முடிந்திருக்காது.

வியாழக்கிழமை காலை வில்பர் போன் செய்தான். ஆல்மா வேறு போனில் இருந்தாள். நான் பாய்ந்து எடுத்தேன்.

"ஆத்துல ஆள் போயிட்டான், டுடா. பெரிய பாலத்துலேர்ந்து. இப்பத்தான் இழுவைப்படகு வெச்சு எடுத்தாங்க. கண்ணாடி ஃபாக்டரி ஆளு, போன வாரம்தான் வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க. சாப்பாட்டு டப்பாவ நடைபாதையில வெச்சிருக்கான். கைப்பிடி பூரா ஐஸ்."

"யாராவது பாத்தாங்களா?"

"பாலத்துக் காவலர் ஒருத்தர்தான். நின்னுக்கிட்டிருந்தான், நான் தண்ணி அளவு பாக்கத் திரும்பினேன், மறுபடி பாத்தா ஆத்துக்குள்ள போயிட்டான்கிறார். அவ்வளவுதான். உனக்கு இதுக்கு மேல என்ன வேணும், முதல் பக்கமே உன்னோடதுதான். பேரு எழுதிக்கோ. ரோமன் கைடா."

என் விரல் டைப்ரைட்டர்மேலேயே நின்றுவிட்டது. ரோமன் கைடா எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கைச் சேர்ந்தவன். போலந்துக்காரர்கள் தெருவில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன் வரிசையில் நின்றுகொண்டு சுருதியே சேராமல் உரக்கப் பாடுவான். அவன் மனைவி ஹெலெனா அக்கா தவக்கால நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு தட்டு நிறையப் பழ ஜாம் வைத்த பணியாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

தாளைச் செருகினேன். எழுத வேண்டிய சொல் கூப்பிடாமலே வந்து நின்றது. குதித்தார். அதைவிட நல்லது, பாய்ந்தார். வேலை போனவன் பனி மூடிய பாலத்திலிருந்து பாய்ந்தார் என்றால் முதல் பக்கத்து உச்சி. பலகையில் டுடா. வெள்ளிக்கிழமை ஜன்னலோர நாற்காலி. மூன்றும் ஒரே சொல்லில் இருந்தன.

ஆனால் எங்கள் பங்குச் சாமியார் எங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டோடு தலைப்பு முதல் தள்ளுபடி விளம்பரம்வரை படிப்பார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்குக் கோவில் கல்லறையில் இடம் கிடையாது, பூசை கிடையாது. சில வருஷம் முன்னால் குபியாக் என்று ஒருவன் இதே பாலத்தில் செத்தான். ஹாங்க் போலண்டர் அவனைப் பற்றி எழுதும்போது தாவினார் என்று எழுதினான். அந்தச் சொல் அன்றைக்குப் பலகையில் ஏறியது. குபியாக்கின் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, மண்வெட்டி வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் இறக்கினோம். குபியாக் தாவினானா, வழுக்கினானா என்று ஹாங்குக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு நல்ல சொல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

விழுந்தார் என்றும் எழுத முடியாது. அதையும் யாரும் பார்க்கவில்லை. காவலர் என்ன சொன்னாரோ அதையே எழுதினேன். ரோமன் கைடா இன்று காலை பாலத்திலிருந்து ஆற்றுக்குள் போனார். மிச்சத்தையும் மனசில்லாமல் அடித்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மக்ரோரி முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"போனாரா? எங்கய்யா போனார், பால் வாங்கவா?"

"விழுந்தாரா குதிச்சாரான்னு யாருக்கும் தெரியாதுங்க."

"தெரியாதுன்னா தெரிஞ்சுக்கோ. இல்ல, ரெண்டுல ஒண்ணை எடு. வேலை போச்சு, டப்பாவ இறக்கி வெச்சான், ஆளு ஆத்துல. இதுக்கு மேல கடுதாசி எழுதி வெச்சுட்டா போகணும்? உன் கைக்கு என்னய்யா ஆச்சு இன்னிக்கு?"

"காவலர் பாக்கல. நானும் பாக்கல."

"நீ என்னிக்குய்யா பாத்து எழுதினே?" என்றார். அவர் தாளைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "ஆல்மா, இந்தா. இது படுத்துக் கிடக்கு. எழுப்பி நடக்க வெச்சுக் கொண்டா. முதல் பதிப்புக்குள்ள."

அவள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். என் செய்தி, என் தெருக்காரன், என் நாற்காலி எல்லாம் அந்த ஒரே தாளில் என் கண் முன்னால் போனது. போகட்டும் என்று இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. அவளிடம் போய்க் கெஞ்சுவதைவிட ஆற்றில் இறங்குவது மேல் என்று தோன்றியது. ஆனாலும் எழுந்து போனேன். அந்த ஒரு சொல்லில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லத்தான் போனேன்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள், கொஞ்சம் இரு என்கிற மாதிரி. கல்யாணப் பக்கத்துக்காரி எனக்குக் கை காட்டுகிறாள்.

"இல்லம்மா, உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு கேக்கல," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்குக் காலைல டப்பாவுல என்ன வெச்சுக் குடுத்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க போதும்."

செத்தவன் வீட்டுக்கே போன் போட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. திரும்பி வந்து என் நாற்காலியில் விழுந்தேன். எக்கேடு கெட்டும் போகட்டும், அவள் என்ன எழுதினாலும் நான் எழுதியதாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

முதல் பதிப்பு மேலே வந்தது. மை காயாத தாள் கையில் ஒட்டியது. நான் நேராக அந்தச் சொல்லைத் தேடினேன்.

போனார் என்றே இருந்தது. தொடவே இல்லை. ஆனால் அதைச் சுற்றி இருந்த ஒவ்வொன்றுக்கும் உயிர் வந்திருந்தது. ஆறு பனிக்கட்டிகளைப் பாலத்துத் தூணில் முட்டித் தேய்த்தது. இழுவைப்படகு கரையோரமாக மோப்பம் பிடித்தது. காவலர் அபாய மணிச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினார். கைப்பிடிக் கம்பி தொட்டவன் கையுறையைப் பறித்தது. நடைபாதையில் இருந்த டப்பாவில் கம்பு ரொட்டியும் உப்பு மீனும் காகிதத்துக்குள் சுருண்டு கிடந்தன, குடுவைக் காப்பி இன்னும் ஆவி விட்டது. புது இடத்தில் வேலை கேட்கப் போகிறவருக்காக மனைவி மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு. இத்தனையும் ஓடி ஆடித் திரிய, நடுவில் அந்த மனிதர் மட்டும் சத்தமில்லாமல் ஆற்றுக்குள் போனார்.

படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுற்றி இருக்கிறதையெல்லாம் ஓடவிட்டால் அந்தச் சொல் நிற்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என்னிடம் இல்லாத சொல்லா அவளிடம் இருக்கிறது? ஒரு போன், அவ்வளவுதானே. ஹெலெனா அக்கா எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறாள், எனக்குப் பணியாரம் கொடுத்தவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

மக்ரோரி கத்திரிக்கோலை எடுத்தார். முட்டித் தேய்த்தது என்கிற சொல் பலகையில் ஏறியது, ரிட்டர் என்கிற பெயரோடு. வெள்ளிக்கிழமை காலை யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. அவள் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ரோமனை அடக்கம் செய்தோம். கோவிலில் பூசை நடந்தது, மணி அடித்தது, முன் வரிசையில் சுருதி சேராத குரல் இல்லாமல் பாட்டு நன்றாகவே இருந்தது, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. வேலிக்கு உள்ளே, அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். பிறகு கோவில் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. ஹெலெனா அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஃபெலிக்ஸ் தம்பி, உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கே, ரிட்டர்னு."

"இருக்குக்கா."

"எல்லாரும் ஏன் செத்தான், ஏன் செத்தான்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் என்ன கட்டிக் குடுத்தீங்கன்னு கேட்டுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமியார் பேப்பரை எங்கிட்ட காட்டினார். குதிச்சான்னு போலீசும் சொல்லல, பேப்பரும் சொல்லல, நான் எதுக்கும்மா சொல்லணும்னார். போனார்னு போட்டிருந்துச்சு தம்பி. வேலைக்குப் போனார்ங்கிற மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பொண்ணு கைக்கு முத்தம் குடுக்கணும். நான் சொன்னேன்னு சொல்லு."

அது என் வார்த்தை அக்கா, அதற்காக நான் திட்டு வாங்கினேன், நாற்காலியை விட்டேன் என்று தொண்டைவரை வந்தது. துக்கத்தில் நிற்கிற பொம்பளையிடம் அதைச் சொல்ல முடியுமா?

"சொல்றேன்க்கா," என்றேன்.

திங்கட்கிழமை நேராக ஜன்னலோரம் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸஸ் கைடா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"சாப்பாட்டைப் பத்திக் கேட்டதுக்கா?"

"அதுக்கும்தான். முக்கியமா அந்தப் போனார்ங்கிற வார்த்தைக்கு."

"அது உங்க வார்த்தையாச்சே, டுடா சார். நீங்க சொல்லலியா?"

"சாவு வீட்ல நின்னுக்கிட்டு அதைப் போயி பீத்திக்கவா முடியும்?"

அவள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நான் மாத்தத்தான் பாத்தேன்," என்றாள். "அடிச்சு அடிச்சுக் கிழிச்சேன். எதைப் போட்டாலும் பொய்யா இருந்துச்சு. உங்களுதுதான் நின்னுச்சு. எனக்கு முதல்ல அது தோணியிருக்காது. ஏதாவது ஓடுற மாதிரிதான் போட்டிருப்பேன்."

திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன். என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

அவள் எழுந்து பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து வியாழக்கிழமைப் பேப்பரை உருவினாள். மக்ரோரியின் மேசையிலிருந்து அவரைக் கேட்காமலே கத்திரிக்கோலை எடுத்தாள். அந்த அறையில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. ஒரு சின்னத் துண்டை வெட்டிக்கொண்டுபோய்ப் பலகையின் நடுவில் குத்தி, நீலப் பென்சிலால் பக்கத்தில் எழுதினாள். போனார். டுடா.

தலைப்பு எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"ஆகா, டுடா போனார். எங்க, பால் வாங்கவா?"

"மக்ரோரிக்கும் சேத்து ஒரு பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்லு."

மக்ரோரி எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தார். "இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பிய்த்தெறியக் கை போகிறது, எறிந்ததில்லை. நான் எழுதியதிலேயே பொய்யில்லாத சொல் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அந்தக் கையெழுத்து மட்டும் அவளுடையது.